கர்ட் லெவின்

கர்ட் லெவின் (செப்டம்பர் 9, 1890 – பிப்ரவரி 12, 1947) ஜெர்மனியில் வளர்ந்து அமெரிக்காவில் மறைந்த உளவியலாளர் ஆவார். சமூக உளவியலைச் சோதனை வழிப்பட்ட அறிவியலாக நிலைபெறச் செய்தவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். குழு இயக்கவியல், செயலாய்வு, வாழ்வெளி, வாயிற்காவலர் ஆகிய கருத்துக்கள் இவருடைய பெயருடன் இணைத்துப் பேசப்படுகின்றன. ஒருவருடைய தனிப்பட்ட பழக்கம் என்று தோன்றுவது பெரும்பாலும் அவர் சார்ந்துள்ள குழுவில் வேரூன்றியது என்பதும், ஆகவே அறிவுரை கூறி ஒருவரை மாற்றுவதை விடக் குழுவாகக் கூடி முடிவெடுக்கச் செய்து மாற்றுவது எளிது என்பதும் இவருடைய பிற்கால ஆய்வுகளின் மையக்கருத்து ஆகும். இக்கருத்தின் முக்கியமான சோதனைகளுள் பல ஓர் ஆடைத் தொழிற்சாலையின் தையல் கூடங்களில் நடந்தவை.

இளமையும் கல்வியும்

அன்றைய பிரஷ்ய அரசின் போசென் மாகாணத்தில் இருந்த மொகில்னோ என்னும் சிற்றூரில் யூதக் குடும்பமொன்றில் நான்கு பிள்ளைகளுள் இரண்டாமவராக லெவின் பிறந்தார். இவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தை லியோபோல்டு பலசரக்குக் கடை ஒன்றை நடத்தினார். ஊருக்கு வெளியே சிறு பண்ணையும் இருந்தது. யூதர்கள் படை அதிகாரியாகவோ உயர் அரசு அலுவலராகவோ ஆவது அக்காலப் பிரஷ்யாவில் மிக அரிது. பெரும்பான்மையினரிடையே ஒதுக்கப்பட்ட சிறுபான்மையினராக வாழ்ந்த இந்த அனுபவம் பின்னாளில் இவர் தேர்ந்துகொண்ட ஆய்வுப் பொருள்களில் தெளிவாகத் தெரிகிறது.

1905 ஆம் ஆண்டில் குடும்பம் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது. 1909 இல் மருத்துவம் படிக்க ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த லெவின், பின்னர் மியூனிக்கில் உயிரியலும் அதன்பின் பெர்லினில் மெய்யியலும் உளவியலும் பயின்றார். கார்ல் ஸ்டும்ப் என்பவரின் மேற்பார்வையில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வை மேற்கொண்டார். பட்டம் 1916 இல் வழங்கப்பட்டது.

முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படையில் சாதாரண வீரராகச் சேர்ந்து அதிகாரி நிலைக்கு உயர்ந்தார். 1918 இல் காயமடைந்தார். இரும்புச் சிலுவைப் பதக்கமும் பெற்றார். போர்க்காலத்திலேயே, 1917 இல், போர் நிலக்காட்சி பற்றிய ஒரு கட்டுரையை வெளியிட்டார். அமைதிக் காலத்தில் எல்லாத் திசைகளிலும் எல்லையின்றி விரிந்து கிடக்கும் நிலம், போர்முனையை நெருங்கும் வீரனுக்கு முன்புறமும் பின்புறமும் உடையதாக, ஓரிடத்தில் முடிந்துபோவதாகத் தோன்றுகிறது. வயலும் வீடும் மரக்கூட்டமும் மறைவிடங்களாகவும் ஆபத்துக்களாகவும் மாறிவிடுகின்றன என்பது அதன் சாரம். நிலம் மாறவில்லை, அதில் நிற்பவனின் நிலை மாறியிருக்கிறது. பின்னாளைய வாழ்வெளிக் கருத்தின் வித்து இக்கட்டுரையில் உள்ளது.

பெர்லின் ஆண்டுகள்

போருக்குப்பின் பெர்லின் உளவியல் நிறுவனத்தில் பணியாற்றினார். முழுமைக் கோட்பாட்டு உளவியலின் தலைவர்களான மாக்ஸ் வெர்தைமர், உல்ப்காங் கோலர் ஆகியோர் அங்கே இவருடன் பணியாற்றினர். ஒரு பொருளைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்துப் பார்ப்பதை விட அதன் முழுமையை நோக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அவர்கள் பெரிதும் காட்சிப் புலனை ஆராய்ந்தனர். லெவின் அதே நோக்கை மனிதரின் விருப்பம், தேவை, செயல் ஆகியவற்றுக்குக் கொண்டு சென்றார்.

தொழிலாளர் வேலை பற்றிய அக்கறையும் இவ்வாண்டுகளில் தொடங்கியது. வேலையை நேரக் கணக்கிட்டுத் துண்டாக்கும் டெய்லர் முறை குறித்து 1920 இல் எழுதிய நூலில், வேலை என்பது உழைப்பவரின் வாழ்க்கைக்கு வழி மட்டுமன்று, வாழ்க்கையின் ஒரு பகுதியும் ஆகும் என்றும், ஆகவே உற்பத்தித் திறனோடு வேலையின் உள்ளார்ந்த மதிப்பையும் உளவியலாளர் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் வாதிட்டார். 1928 இல் ஹான்ஸ் ரூப் என்பவருடன் இணைந்து நெசவுத் தொழில் பற்றிய ஆய்வொன்றையும் வெளியிட்டார். லெவினுக்கும் துணித் தொழிலுக்கும் இடையிலான தொடர்பு இவ்வாறு அமெரிக்கா செல்லும் முன்பே ஏற்பட்டுவிட்டது. வாழ்க்கை வரலாற்றுக் குறிப்புகள் பலவற்றில் இது விடுபட்டுப் போகிறது.

இவரைச் சுற்றி மாணவர் கூட்டம் ஒன்று உருவாயிற்று. அவர்களுள் பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த பெண்கள். நிறுவனத்துக்கு எதிரே இருந்த சிற்றுண்டிச் சாலையில் மணிக்கணக்கில் பேசுவது இக்குழுவின் வழக்கம். யார் எதைச் சாப்பிட்டார் என்பதை எழுதிவைக்காமலே நினைவில் வைத்திருந்த பரிமாறுபவர், பணம் பெற்றுக்கொண்ட சற்று நேரத்தில் அதை மறந்துவிட்டதைக் கண்ட லெவின், முடியாத வேலை மனத்தில் ஓர் இறுக்கத்தை ஏற்படுத்துகிறது என்று ஊகித்தார். மாணவி புளூமா செய்கார்னிக் இதனைச் சோதித்தார். பங்கேற்றவர்களுக்கு இருபது அளவிலான சிறு வேலைகள் தரப்பட்டு, அவற்றில் பாதி இடையில் நிறுத்தப்பட்டன. நிறுத்தப்பட்ட வேலைகளே முடித்தவற்றைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு நினைவில் நின்றன. 1927 இல் வெளியான இம்முடிவு செய்கார்னிக் விளைவு எனப் பெயர் பெற்றது. பிற்காலத்தில் இதை மீண்டும் செய்து பார்த்தவர்களுக்கு ஒரே மாதிரியான முடிவுகள் கிடைக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

புலக் கோட்பாடு

நடத்தை என்பது ஆளையும் சூழலையும் சார்ந்தது என்பது லெவினின் புகழ்பெற்ற வாய்பாடு. கேட்பதற்கு எளிமையாகத் தோன்றினாலும், ஒருவரின் செயலுக்கு அவருடைய குணத்தை மட்டும் காரணமாகக் காட்டும் வழக்கத்துக்கு இது எதிரானது. ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஒருவருக்கு உளதாகத் தோன்றும் அனைத்தும் சேர்ந்தது அவருடைய வாழ்வெளி. அதில் சில பொருள்கள் ஈர்க்கின்றன, சில விலக்குகின்றன, சில தடையாக நிற்கின்றன. இவற்றின் விசைகளை வரைபடமாகத் தீட்ட முயன்ற லெவின், கணிதத்தின் இடவியலிலிருந்து குறியீடுகளைக் கடன் வாங்கினார்.

1929 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த பன்னாட்டு உளவியல் மாநாட்டில் இவர் காட்டிய ஒரு குறும்படம் இதனை நன்கு விளக்கியது. ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒரு கல்லின் மேல் உட்கார விரும்புகிறது. உட்கார வேண்டுமானால் கல்லுக்கு முதுகைக் காட்ட வேண்டும். ஆனால் கல்லின் ஈர்ப்பு குழந்தையைத் திரும்ப விடுவதில்லை. குழந்தை கல்லைச் சுற்றிச் சுற்றி வருகிறது. லெவின் ஜெர்மன் மொழியில் பேசியதைப் புரிந்துகொள்ளாத அமெரிக்க உளவியலாளர்களும் படத்தைப் புரிந்துகொண்டனர்.

நாடு நீங்குதல்

1932 இல் ஆறு மாத காலத்துக்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியராக இருந்தார். ஜப்பான், சோவியத் ஒன்றியம் வழியாக நாடு திரும்பிக்கொண்டிருந்தபோது, 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டு ஏப்ரலில் யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம் இயற்றப்பட்டது. போர்முனையில் பணியாற்றியவர்களுக்கு அச்சட்டத்தில் தொடக்கத்தில் விலக்கு இருந்தது. லெவின் அவ்விலக்கை நம்பித் தங்கவில்லை. ஆகஸ்ட் மாதத்தில் இரண்டாவது மனைவி கெர்ட்ரூடுடன் அமெரிக்கா சென்றார்.

புலம்பெயர்ந்த அறிஞர்களுக்கான உதவிக் குழுவின் நிதியில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் பணி கிடைத்தது. அதன்பின் 1935 முதல் 1944 வரை அயோவா பல்கலைக்கழகத்தின் குழந்தை நல ஆய்வு நிலையத்தில் பணியாற்றினார். 1940 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். ஐரோப்பாவில் இருந்த தாயைக் காப்பாற்ற இவர் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. தாய் ரேகா நாசிகளின் இனவழிப்பு முகாமில் கொல்லப்பட்டார்.

தலைமை பற்றிய சோதனைகள்

படித்த, பண்பட்ட ஒரு சமூகம் எவ்வாறு சர்வாதிகாரத்துக்கு இணங்கிப்போனது என்னும் கேள்வி லெவினுக்கு ஏட்டுக் கேள்வி அன்று. அதனை ஆய்வுக்கூட அளவுக்குச் சுருக்கிப் பார்க்கும் முயற்சியே அயோவாவில் ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் ஆகியோருடன் நடத்திய சோதனைகள். முடிவுகள் 1939 இல் வெளியாயின.

பத்து வயதை ஒட்டிய சிறுவர்கள் முகமூடி செய்தல் முதலிய கைவேலைகளுக்காகச் சிறு மன்றங்களாகச் சேர்க்கப்பட்டனர். ஒரு வகைத் தலைவர் எல்லாவற்றையும் தாமே தீர்மானித்து ஒவ்வொரு படியாகக் கட்டளையிட்டார். இன்னொரு வகைத் தலைவர் சிறுவர்களுடன் கலந்து பேசித் திட்டம் வகுத்தார். மூன்றாவது வகை, சிறுவர்களை அவர்கள் போக்கில் விட்டுவிடுவது. இம்மூன்றாவது வகை முன்கூட்டித் திட்டமிடப்பட்டதன்று. ஒயிட் தலைவராக நடந்துகொண்ட முறை குடியாட்சி முறையிலிருந்து வேறுபட்டிருந்ததைக் கவனித்த பிறகே அது தனி வகையாகச் சேர்க்கப்பட்டது.

கட்டளைத் தலைமையின் கீழ் இருந்த குழுக்கள் இரண்டில் ஒரு வழியில் சென்றன. சில முரட்டுத்தனம் மிகுந்தவையாயின. சில ஓசையற்று அடங்கிப்போயின. தலைவர் அறையை விட்டு வெளியேறியதும் வேலை குறைந்தது. கலந்து பேசிய குழுக்களில் தலைவர் இல்லாத போதும் வேலை தொடர்ந்தது. லிப்பிட்டின் முதல் சோதனையில் கட்டளைக் குழுவின் சிறுவர்கள் தலைவரை எதிர்க்காமல், தங்களுள் ஒருவரையே பலியாடாக்கி வாட்டினர். அச்சிறுவர் விலகியதும் வேறொருவரைப் பிடித்துக்கொண்டனர். ஜெர்மனியிலிருந்து வெளியேறிய ஒரு யூதர் இதைக் காண நேர்ந்ததை எண்ணும்போது, இச்சோதனையின் எடை விளங்கும். மாற்றிப் பார்த்தபோதும் இதே நிலை. ஒரே சிறுவர்கள் வேறு தலைமையின் கீழ் வந்ததும் வேறு விதமாக நடந்துகொண்டனர். எனவே முரட்டுத்தனம் சிறுவர்களின் இயல்பில் மட்டும் இல்லை என்பது தெளிவாயிற்று.

உணவுப் பழக்கமும் வாயிற்காவலரும்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் இறைச்சிப் பங்கீடு இருந்தது. மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்றவை சத்தானவையாயினும் குடும்பத்தலைவிகள் அவற்றை வாங்க விரும்பவில்லை. மானிடவியலாளர் மார்கரெட் மீட் செயலாளராக இருந்த உணவுப் பழக்கக் குழுவுக்காக லெவின் இதனை ஆராய்ந்தார். மூன்று குழுக்களுக்குக் கவர்ச்சியான சொற்பொழிவு நிகழ்த்தப்பட்டது. சமையல் குறிப்புகளும் தரப்பட்டன. வேறு மூன்று குழுக்களில் பெண்கள் தங்களுக்குள் தடைகளைப் பற்றிப் பேசி, இறுதியில் கையுயர்த்தி முடிவு செய்தனர். இரண்டுக்கும் ஒரே அளவு நேரம்தான். பின்னர் விசாரித்தபோது, சொற்பொழிவு கேட்டவர்களில் 3 விழுக்காட்டினரும், கூடி முடிவெடுத்தவர்களில் 32 விழுக்காட்டினரும் தாங்கள் முன்பு சமைத்திராத அவ்வுறுப்பிறைச்சிகளுள் ஒன்றைச் சமைத்திருந்தனர்.

உணவு கடையிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ பல வாயில்களைக் கடந்தே தட்டுக்கு வருகிறது. ஒவ்வொரு வாயிலிலும் ஒருவர் முடிவெடுக்கிறார் என்றும் லெவின் காட்டினார். ஒரு வீட்டின் உணவை மாற்ற விரும்புவோர் உண்பவர் அனைவரையும் அணுக வேண்டியதில்லை, வாயிற்காவலரை அணுகினால் போதும். இக்கருத்து பின்னர் இதழியலுக்கும் சென்றது. எந்தச் செய்தி அச்சேறும் என்பதைத் தீர்மானிக்கும் ஆசிரியர்கள் வாயிற்காவலர் எனப்பட்டது இதன் வழியில்தான்.

ஹார்வுட் ஆடைத் தொழிற்சாலை

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்னும் ஊரில் ஹார்வுட் நிறுவனம் பைஜாமா தைக்கும் தொழிற்சாலையை நடத்தியது. அதன் தலைவர் ஆல்பிரட் மாரோ தாமே உளவியல் பயின்றவர். பின்னாளில் லெவினின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் அவரே. 1939 இல் அவர் லெவினை அழைத்தார். மலைப்பகுதிக் கிராமங்களிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பெண்கள், பயிற்சிக்குப் பின்னும் எதிர்பார்த்த அளவை எட்டவில்லை. பலர் வேலையை விட்டு நின்றனர். அந்த அளவை எட்டவே முடியாது என்று அவர்கள் நம்புவதுதான் காரணம் என லெவின் கருதினார். அருகில் மூடப்பட்ட ஓர் ஆலையின் திறன்மிக்க தொழிலாளர்கள் அமர்த்தப்பட்டு, அந்த அளவை அவர்கள் எட்டியபோது, புதியவர்களின் உற்பத்தியும் உயரத் தொடங்கியது.

முப்பது வயதைக் கடந்த பெண்கள் இவ்வேலைக்கு உதவமாட்டார்கள் என்று மேற்பார்வையாளர்கள் நம்பினர். புள்ளிவிவரம் காட்டி வாதிட்டுப் பயனில்லை என்று கண்ட ஆய்வாளர்கள், அவர்களையே கணக்கெடுத்துப் பார்க்கச் செய்தனர். தாங்களே திரட்டிய விவரம் மாறாகச் சொன்னபோதுதான் அவர்கள் மனம் மாறியது.

இங்கு நடந்தவற்றில் மிகவும் அறியப்பட்ட சோதனையை லெஸ்டர் காக், ஜான் ஃபிரெஞ்ச் ஆகியோர் நடத்தினர். துண்டுக்கூலி முறையில் இயங்கிய அத்தொழிற்சாலையில் வேலை முறை சிறிது மாறினாலும் உற்பத்தி சரிந்தது. அவிநாசி, திருப்பூர் வட்டாரத்தினருக்கு இந்நிலையை விளக்கத் தேவையில்லை. ஓர் ஆர்டர் முடிந்து புதிய பாணி மேசைக்கு வரும்போது, பழகிய கையும் தடுமாறும். துண்டுக்கூலிக்குத் தைப்பவரின் அன்றைய வருமானம் குறையும். கை பழகாததே முழுக் காரணமாயின் சில நாட்களில் சரியாகிவிட வேண்டும். மேரியனில் அவ்வாறு சரியாகவில்லை.

18 தேய்ப்பாளர்களைக் கொண்ட குழுவுக்கு, மாற்றம் ஏன் தேவை என்று விளக்கி, புதிய முறையும் புதிய கூலி விகிதமும் அறிவிக்கப்பட்டன. 13 மடிப்பாளர்களைக் கொண்ட குழு தன் பிரதிநிதிகள் மூலம் மாற்றத்தை வகுப்பதில் பங்கேற்றது. தைத்த துணியைச் சரிபார்க்கும் 8 பேர், 7 பேர் கொண்ட இரு குழுக்களில் அனைவரும் பங்கேற்றனர். முதல் குழுவின் உற்பத்தி சரிந்து அப்படியே நின்றது, பூசல்கள் எழுந்தன, முதல் 40 நாட்களுக்குள் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டனர். பிரதிநிதிக் குழு ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பழைய அளவை எட்டியது. அனைவரும் பங்கேற்ற குழுக்கள் சில நாட்களிலேயே மீண்டு, முன்பிருந்ததை விட ஏறத்தாழ 14 விழுக்காடு உயர்ந்தன, யாரும் விலகவில்லை.

ஆய்வாளர்கள் இத்துடன் நிறுத்தவில்லை. முதல் குழுவில் எஞ்சியிருந்தவர்கள் வெவ்வேறு பிரிவுகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டு, இரண்டரை மாதங்களுக்குப்பின் மீண்டும் ஒன்று சேர்க்கப்பட்டனர். இம்முறை மாற்றத்தை வகுப்பதில் அவர்கள் அனைவரும் பங்கேற்றனர். முன்பு முரண்டுபிடித்த அதே ஆட்கள் இப்போது விரைவாக முன்னேறினர். ஆகவே எதிர்ப்பு அவர்களின் குணம் அன்று.

கடைசி ஆண்டுகள்

1945 இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் குழு இயக்கவியல் ஆய்வு மையத்தை லெவின் நிறுவினார். அதே காலத்தில் அமெரிக்க யூதப் பேரவையின் சார்பில் நியூயார்க்கில் சமூக உறவுகளுக்கான ஆய்வுக் குழுவொன்றையும் தொடங்கினார். கறுப்பினத்தவருக்கும் யூதருக்கும் எதிரான பாகுபாட்டை ஆராய்வதோடு நில்லாமல், குறைப்பதற்கான நடவடிக்கையை எடுத்து, அதன் விளைவை அளந்து, அடுத்த நடவடிக்கையைத் திருத்தும் முறையே இவர் 1946 இல் விளக்கி எழுதிய செயலாய்வு ஆகும். அவ்வாண்டு கனெக்டிகட் மாநிலத்தில் நடந்த பயிற்சி முகாமில், ஆய்வாளர்கள் மாலையில் பங்கேற்பாளர்களைப் பற்றித் தங்களுக்குள் பேசியதைக் கேட்கப் பங்கேற்பாளர்களும் வந்து அமர்ந்தனர். லெவின் அவர்களைத் தடுக்கவில்லை. தம்மைப் பற்றிச் சொல்லப்பட்டதை அவர்கள் மறுத்தும் திருத்தியும் பேசிய அந்த மாலைகளிலிருந்து பயிற்சிக் குழு முறை பிறந்தது.

ஓய்வின்றி உழைத்த லெவின் 1947 பிப்ரவரியில் மாரடைப்பால் மறைந்தார். வயது 56. ஆய்வு மையம் 1948 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டது. லியோன் ஃபெஸ்டிங்கர், மார்ட்டன் டாயிட்ச், ஹரால்டு கெல்லி, ஸ்டான்லி ஷாக்டர் ஆகியோர் இவரிடமும் இவர் மையத்திலும் பயின்றவர்கள்; அடுத்த தலைமுறைச் சமூக உளவியலின் பெரும்பகுதி இவர்கள் கைவண்ணமே.

விமர்சனங்கள்

இடவியல் வரைபடங்கள் உண்மையான அளவீட்டுக்கு உதவவில்லை என்ற குறை இவர் வாழ்நாளிலேயே கூறப்பட்டது. ஹார்வுட் சோதனையில் குழுக்கள் சிறியவை. ஒவ்வொன்றிலும் செய்யப்பட்ட வேலையும் மாற்றமும் வெவ்வேறானவை. நார்வே நாட்டின் காலணித் தொழிற்சாலையொன்றில் ஃபிரெஞ்சும் பிறரும் நடத்தி 1960 இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்பினால் உற்பத்தி உயரவில்லை. தொழிலாளர் எதைப் பற்றி முடிவெடுக்கலாம் என்பதை நிர்வாகமே வரையறுத்தது என்பது இன்னொரு விமர்சனம். இதற்கு எளிதில் விடையளிக்க இயலாது. மேலாண்மைப் பாடநூல்களில் உறைநிலையை நெகிழ்த்தல், நகர்த்தல், மீண்டும் உறையவைத்தல் என்று இவர் பெயரில் காணப்படும் மூன்று படி வாய்பாடு, இவர் எழுத்தில் சிறு பகுதியாகவே உள்ளது. அதனைப் பெரிய கொள்கையாக்கியவர்கள் பின்வந்தோரே.

இந்தியத் தொடர்பு

1947 இல் லெவினின் மையமும் லண்டனின் டாவிஸ்டாக் நிறுவனமும் இணைந்து மனித உறவுகள் பற்றிய ஆய்விதழைத் தொடங்கின. டாவிஸ்டாக்கின் எரிக் டிரிஸ்ட் இளமையிலேயே லெவினின் கருத்துக்களால் ஈர்க்கப்பட்டவர். அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் 1953 இல் அகமதாபாத்தின் காலிகோ ஆலைக்கு வந்தார். அங்கு 224 தானியங்கித் தறிகளில் 29 பேர் வேலை செய்தனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனி வேலை வரையறுக்கப்பட்டிருந்தது. குழு என்று ஒன்று இல்லை. குறிப்பிட்ட தறிகளுக்கு முழுப் பொறுப்பேற்கும் சிறு குழுக்களாக மாற்றும் யோசனையைத் தொழிலாளர்களிடம் முன்வைத்தபோது, அவர்களே தங்களுக்குள் குழுக்களை அமைத்துக்கொண்டனர். உற்பத்தி உயர்ந்தது, சேதம் குறைந்தது.

அகமதாபாத் துணி ஆலைத் தொழில் ஆராய்ச்சிக் கழகத்திலும் இதே காலத்தில் உளவியல் ஆய்வுகள் நடந்தன. அவற்றை முன்னின்று நடத்திய கமலா சௌத்ரி மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சமூக உளவியல் பயின்றவர். ஒரு குழுவின் கருத்தை அதன் தலைவர்கள் மற்றவர்களை விடச் சரியாக ஊகிக்கின்றனரா என்பது பற்றித் தியோடர் நியூகோமுடன் இணைந்து 1952 இல் கட்டுரை வெளியிட்டார். பின்னர் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் தொடக்க காலப் பேராசிரியர்களுள் ஒருவரானார்.

காலிகோ ஆலையில் ரைஸின் பணியை டாவிஸ்டாக்கின் எரிக் மில்லர் 1970 இல் மீண்டும் ஆராய்ந்தார். வேறு கூடங்களில் குழு முறை காலப்போக்கில் தேய்ந்து பழைய தனியாள் முறையை நோக்கித் திரும்பியிருந்தது. ஒரு தறிக்கூடத்தில் மட்டும் அது பெரிதும் மாறாமல் நீடித்திருந்தது.